ஆறு வார வெளிச்சம்

அமெரிக்காவின் கிரேட் ஸ்மோக்கி மலைகளில் காட்டுப்பூ பார்க்கப் போகிறவர்கள் ஏப்ரல் பிறந்த கையோடு போய்விட வேண்டும். மே பாதியில் போனால் காடு பச்சைப் பசேலென்று இருக்கும், ஓடைகளில் தண்ணீர் புரளும், குளிரும் விட்டிருக்கும். ஆனால் பார்க்க வந்த பூக்களில் பெரும்பாலானவை முடிந்துபோயிருக்கும். சில செடிகளின் இலைகூட மிஞ்சியிருக்காது. சில வாரங்களுக்கு முன்னால் இங்கே தரை தெரியாமல் பூத்துக் கிடந்தது என்று யாராவது சொன்னால் நம்புவது கடினம்.

டென்னஸி, வட கரோலினா மாநிலங்களின் எல்லையில் இருக்கும் இந்த மலைகள் 1934இல் தேசியப் பூங்காவாயின. 1,500க்கும் மேற்பட்ட பூக்கும் தாவர இனங்கள் இங்கே உண்டு. வட அமெரிக்காவின் வேறெந்தத் தேசியப் பூங்காவிலும் இத்தனை இல்லை. சரியான வாரத்தில் போனால் ஒரு பகல் நடையில் அவற்றில் இருபது முப்பது இனங்களைப் பூவோடு பார்த்துவிடலாம்.

அதற்குத் தோதானது கிரீன்பிரையர் பகுதியில் உள்ள போர்ட்டர்ஸ் கிரீக் தடம். கேட்லின்பர்க் ஊரிலிருந்து கிழக்கே சுமார் 6 மைல் போய், காட்டுக்குள் திரும்பி, ஆற்றங்கரையை ஒட்டிய சாலையின் முடிவில் வண்டியை நிறுத்தினால் அங்கிருந்து தடம் தொடங்குகிறது. ஃபெர்ன் பிராஞ்ச் அருவி வரை ஏறத்தாழ 2 மைல். போய்த் திரும்ப 4 மைல், அதாவது ஆறரைக் கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவு. ஏற்றம் சுமார் 700 அடி. மலையேறிப் பழக்கமில்லாதவர்களும் போய்வரலாம். நின்று பார்க்கிறவர்களுக்குத்தான் ஒரு பகல் முழுக்கத் தேவைப்படும்.

தடத்தின் தொடக்கத்தில் நின்று முதலில் அண்ணாந்து பாருங்கள். டியூலிப் மரம், மேப்பிள், பாஸ்வுட் என்று நெடுநெடுவென வளர்ந்த மரங்கள். எல்லாம் மொட்டைக் கிளைகள். போன இலையுதிர் காலத்தில் இலையைக் கொட்டியவை இன்னும் துளிர்க்கவில்லை. வெயில் கிளைகளுக்கிடையே இறங்கித் தரையில் விழுகிறது. இந்த நாட்களில் மர உச்சிக்கு வரும் வெளிச்சத்தில் ஏறத்தாழ பாதி தரையைத் தொட்டுவிடும். மரங்கள் இலை விரித்துக் கூரை மூடியபிறகு நூற்றில் ஒன்றிரண்டு பங்கு, மிஞ்சினால் நாலைந்து பங்குதான் கீழே வரும். அதற்குப் பிறகு அடுத்த இலையுதிர்வு வரை தரைக்கு நிழல்தான்.

ஒரு முழம்கூட வளராத செடி, நூறடி மரங்களுக்குக் கீழே எப்படிப் பிழைப்பது? மெல்லிய இலை விட்டு, கிடைக்கிற கொஞ்ச வெளிச்சத்தில் கொஞ்சமாக உணவு தயாரித்து, மெல்ல வாழலாம். பல பெரணிகள் அப்படி வாழ்கின்றன. இன்னொரு வழி, மரங்கள் துளிர்ப்பதற்குள் ஆண்டு முழுவதற்குமான ஒளிச்சேர்க்கையைச் செய்து முடிப்பது. தரை சூடேறத் தொடங்கும் மார்ச் மாதத்திலிருந்து கூரை மூடும் ஏப்ரல் கடைசி வரை ஆறிலிருந்து எட்டு வாரம் கிடைக்கிறது. அதற்குள் இலை விட்டு, பூத்து, காய்த்து, கிழங்கில் மாவுச்சத்தைச் சேர்த்துவைத்துவிட்டுத் தரைக்கு மேல் சுவடே இல்லாமல் மறைகிற செடிகள் இந்தக் காட்டில் பல. வசந்தத்தின் குறும்பருவச் செடிகள் என்று அவற்றைச் சொல்லலாம்.

அவற்றின் இலைகளும் அதற்கென்றே அமைந்தவை. குளிரிலும் வேகமாக ஒளிச்சேர்க்கை செய்யும். நேரடி வெயிலை நன்றாகப் பயன்படுத்திக்கொள்ளும். அந்த வேகத்துக்கு நைட்ரஜன் மிகுந்த நொதிகள் ஏராளமாக வேண்டும், அவற்றைப் பராமரிக்கவும் ஆற்றல் செலவாகும். நிழல் விழுந்து வெப்பமும் ஏறியதும் இலைக்கு வரவைவிடச் செலவு கூடிவிடுகிறது. செடி இலையைக் கைவிட்டுவிடுகிறது. மே மாதம் மஞ்சளாகிச் சாய்ந்த இலையைப் பார்த்துச் செடி செத்துவிட்டது என்று நினைக்க வேண்டாம். மண்ணுக்குள் கிழங்கு உயிரோடு இருக்கிறது. அதன் வாழ்நாளில் பெரும்பகுதி அங்கேதான் கழிகிறது.

முதல் மைல் ஒரு பழைய வண்டிப்பாதை. வழியில் கல் அடுக்கிய சுவர்கள், ஒரு சிறிய கல்லறைத் தோட்டம், கொஞ்சம் விலகிப் போனால் 1875இல் கட்டிய மரத் தொழுவம். பூங்கா வருவதற்கு முன் இங்கே குடும்பங்கள் காட்டைத் திருத்தி விவசாயம் செய்தன. அவர்களுடைய வயல்கள் இன்று மீண்டும் மரக்காடாகிவிட்டன. இந்த விவரத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். மேலே போனதும் தேவைப்படும்.

பாதையோரச் சருகுகளுக்கிடையே வெள்ளையாகத் தெரிவது ஸ்பிரிங் பியூட்டி. சுண்டுவிரல் நகத்தைவிடக் கொஞ்சம் பெரிய பூ. ஐந்து இதழ்கள், ஒவ்வொன்றிலும் இளஞ்சிவப்புக் கோடுகள். கோடுகள் எல்லாம் பூவின் நடுவில் தேன் இருக்கும் இடத்தை நோக்கி ஓடுகின்றன. முழங்கால் மடித்து உட்கார்ந்து, ஒரே செடியின் இரண்டு பூக்களை ஒப்பிட்டுப் பாருங்கள். ஒன்றில் ஐந்து மகரந்தத் தாள்கள் நிமிர்ந்து நிற்கும், நுனியில் இளஞ்சிவப்பு மகரந்தம் இருக்கும். அது இன்று காலை விரிந்த பூ. மற்றதில் அந்தத் தாள்கள் இதழ்களோடு ஒட்டிச் சாய்ந்திருக்கும், நடுவிலுள்ள சூல்தண்டின் நுனி மூன்றாகப் பிரிந்திருக்கும். அது ஒருநாள் முந்தியே விரிந்த பூ. முதல் நாள் ஆண், பிறகு பெண்: தன் மகரந்தம் தன் மேலேயே விழாமல் பூ இப்படிப் பார்த்துக்கொள்கிறது. மேகம் மூடினாலோ பொழுது சாய்ந்தாலோ பூ குவிந்துவிடும். அதனால் மழை நாளில் வந்தவர்கள் ஸ்பிரிங் பியூட்டியைக் கவனிக்காமலே தாண்டிப் போய்விடுவார்கள்.

வெயில் நல்லபடி இருந்தால் அதில் ஒரு சின்னஞ்சிறு தேனீ வந்து உட்காரும். பின்னங்கால்களில் இளஞ்சிவப்புப் பொடி அப்பியிருந்தால் அது பெரும்பாலும் ஆந்திரெனா எரிஜெனியே என்ற இனம். கூட்டமாக வாழாத, மண்ணில் தனித்தனியே வளை தோண்டும் தேனீ. தன் குஞ்சுகளுக்கு அநேகமாக இந்த ஒரு பேரினத்துப் பூவின் மகரந்தத்தைத்தான் ஊட்டும். பூ இருக்கிற சில வாரங்கள் மட்டுமே வெளியே பறக்கும். ஆண்டின் மற்ற மாதங்களை மண்ணுக்குள் கழிக்கும். ஆக, மரம் துளிர்க்கும் நாள் செடிக்குக் கெடு என்றால் செடி பூக்கும் நாள் இந்தத் தேனீக்குக் கெடு.

இன்னும் கொஞ்சம் மேலே, ஓடையோரச் சரிவில், கொடி கட்டித் தொங்கவிட்டதுபோல வரிசையாகத் தலைகீழாகத் தொங்கும் வெள்ளைப் பூக்கள் டச்சுமன்ஸ் பிரீச்சஸ். ஒவ்வொரு பூவுக்கும் மேல்நோக்கி நீளும் இரண்டு குழல்கள். தேன் அந்தக் குழல்களின் உள்நுனியில் இருக்கிறது. நீண்ட நாக்குள்ள பெருந்தேனீக்கு மட்டுமே அது நேர்வழியில் எட்டும். இந்தப் பருவத்தில் பறக்கும் பெருந்தேனீக்கள் எல்லாமே ராணிகள்தான். இலையுதிர் காலத்தில் இணைசேர்ந்து, குளிர்காலம் முழுக்க மண்ணுக்குள் தனியாக உறங்கி, இப்போது எழுந்திருக்கும் ராணி இனித்தான் கூடு கட்ட வேண்டும். வேலைக்காரத் தேனீ ஒன்றுகூட இன்னும் பிறக்கவில்லை. காற்றில் 10 டிகிரி வெப்பம்கூட இல்லாத காலையிலும் அவள் பறக்கிறாள். பறக்கும் தசைகளை நடுக்கி நடுக்கி உடம்பை 30 டிகிரிக்கு மேல் சூடேற்றிக்கொண்ட பிறகுதான் கிளம்ப முடியும். அதற்கு எரிபொருள் இந்தத் தேன். நாக்கு குட்டையான சில தேனீக்கள் குழலின் வெளிப்பக்கத்தைக் கடித்து ஓட்டை போட்டுத் தேனை எடுத்துக்கொண்டு போவதும் உண்டு. பூக்களை ஒவ்வொன்றாகப் பார்த்தால் அந்த ஓட்டைகளைக் காணலாம்.

தேனீயே வராவிட்டால்? பிளட்ரூட் அதற்கும் வழி வைத்திருக்கிறது. தூய வெள்ளை இதழ்களோடு விரியும் அதன் பூ சில நாள் மட்டுமே நிற்கும்; பலத்த மழை வந்தால் இதழ்கள் உதிர்ந்துவிடும். தேன் கிடையாது, மகரந்தம் மட்டும்தான். முதலிரண்டு நாள் வேறு பூவின் மகரந்தத்துக்குக் காத்திருக்கும். மூன்றாம் நாள் வாக்கில் அதன் மகரந்தத் தாள்கள் வளைந்து தன் சூல்முடியையே தொட்டுவிடும். தன்னைத் தானே சூல்கொள்வது இரண்டாந்தரம். ஆனால் விதையே இல்லாமல் போவதைவிட மேல். அதன் கிழங்கை வெட்டினால் செம்மஞ்சள் சாறு ஒழுகும். இந்த மலைகளின் பூர்வகுடிகளான செரோக்கி மக்கள் கூடை முடையும் நார்களுக்குச் சாயமேற்ற அதைப் பயன்படுத்திவருகிறார்கள்.

இங்கே ஒரு கணக்கு. 1918இல் ஆண்ட்ரூ டெல்மர் ஹாப்கின்ஸ் என்ற அமெரிக்கப் பூச்சியியலாளர் ஒரு விதியை வெளியிட்டார். வட அமெரிக்காவின் மிதவெப்பப் பகுதியில், வசந்தம் ஒவ்வொரு 400 அடி உயரத்துக்கும் நான்கு நாள் பிந்தி வரும் என்றார். அதாவது 100 அடிக்கு ஒரு நாள். இது தோராயமான விதி. சரிவு தெற்கே பார்க்கிறதா வடக்கே பார்க்கிறதா என்பதைப் பொறுத்து மாறும். ஆனாலும் இந்தத் தடத்தில் கண்ணால் சரிபார்க்கலாம். 700 அடி ஏறுகிறவர் ஒரு வாரம் பின்னால் போகிறார். கீழே இதழ் உதிர்த்துக் காய் பிடித்த செடி, அருவிப் பக்கம் மொட்டாக நிற்கும். ஒரே இனத்தின் மொட்டு, பூ, காய் மூன்றையும் ஒரே பகலில் பார்க்க முடிவது மலைத்தடங்களில்தான். பூங்காவின் மிக உயர்ந்த சிகரமான குவோஹி 6,643 அடி. கிரீன்பிரையரில் பூ முடிந்த பிறகும் அங்கே வசந்தம் வந்து சேர்ந்திருக்காது. தேதி தவறிப் போனவர்களுக்கு என் யோசனை: வருத்தப்படாமல் வண்டியை எடுத்துக்கொண்டு மேலே போங்கள்.

ஒன்றரை மைல் தாண்டியதும் ஒற்றை மரத்தால் ஆன நீண்ட பாலம் ஓடையைக் கடக்கிறது. மறுகரையில் காட்டின் முகமே மாறிவிடும். சரிவு முழுக்க வெள்ளை. தூரத்திலிருந்து பார்க்கிறவர்கள் பனி கிடக்கிறது என்றே நினைப்பார்கள். ஃபிரிஞ்டு ஃபசேலியா என்ற சிறு பூ; இதழின் ஓரம் முழுக்க நூல்நூலாகக் கிழிந்திருக்கும். தெற்கு அப்பலாச்சிய மலைகளுக்கே உரிய இனம் இது. பாறைமேலும் சரிவிலும் லட்சக்கணக்கில் பூத்துக் கிடப்பதைப் பார்த்த பிறகு எவருக்கும் கால் நகராது.

ஃபசேலியா ஓராண்டுச் செடி. முளைத்து, பூத்து, விதை சிந்தி, செத்துவிடும். அதற்குள் கலந்து நிற்கிற ட்ரில்லியம் இதற்கு நேரெதிர். மூன்று இலை, மூன்று புல்லிதழ், மூன்று இதழ் என எல்லாம் மூன்று மூன்றாக அமைந்த செடி. இந்தப் பூங்காவில் பத்து இனங்கள் வரை உண்டு. எலுமிச்சை மணம் வீசும் மஞ்சள் ட்ரில்லியம் இந்த வட்டாரத்தின் சிறப்பு. பெரிய வெள்ளை ட்ரில்லியத்தின் இதழ்கள் நாளாக ஆக இளஞ்சிவப்பாகும். நம் செங்காந்தளும் ட்ரில்லியமும் லில்லியேல்ஸ் என்ற ஒரே வரிசையைச் சேர்ந்தவை, தூரத்துச் சொந்தம்.

என்னைக் கேட்டால், இந்தத் தடத்தில் நின்று யோசிக்க வேண்டிய செடி ட்ரில்லியம்தான். கோடையில் தரையில் விழும் அதன் விதை அடுத்த வசந்தத்தில் வேரை மட்டும் விடும். இலை வெளியே வருவதற்கு இன்னொரு குளிர்காலம் கழிய வேண்டும். அதன்பிறகு பல ஆண்டுகள் ஒற்றை இலையோடு நிற்கும். பிறகு மூன்று இலையாகும். முதல் பூ வர குறைந்தது ஏழு ஆண்டு, பல நேரம் பத்துக்கும் மேல். பூக்கத் தொடங்கியபின் பல பத்தாண்டுகள் வாழும். மண்ணுக்குள் கிடைமட்டமாக வளரும் அதன் கிழங்கில் ஒவ்வொரு ஆண்டின் வளர்ச்சிக்கும் ஒரு தழும்பு விழும். ஆய்வாளர்கள் அவற்றை எண்ணி வயதைக் கணிக்கிறார்கள். பக்கத்திலேயே புள்ளிபோட்ட இலைகளோடு கம்பளம் விரித்திருக்கும் ட்ரௌட் லில்லியும் இதே ரகம். கூட்டமாக ஆயிரம் இலை தெரியும், பூ அங்கொன்றும் இங்கொன்றும்தான். ஒற்றை இலையோடு நிற்பவை இன்னும் பூக்கும் பருவத்துக்கு வராதவை. பூப்பவற்றுக்கு இரண்டு இலை. சில நாள் அழகு என்று நாம் பார்த்துவிட்டுப் போகிற பூவுக்கு அடியில், பார்க்கிறவரின் பிள்ளைகளைவிட மூத்த செடி இருக்கக்கூடும்.

வளர்ச்சியில் மட்டும் மெதுவில்லை; இடம் பெயர்வதிலும் மெதுதான். இந்தக் காட்டுத் தரைச் செடிகளில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குக்கு விதை சுமப்பது எறும்பு. ட்ரில்லியம், பிளட்ரூட், ஸ்பிரிங் பியூட்டி, டச்சுமன்ஸ் பிரீச்சஸ், ட்ரௌட் லில்லி எல்லாமே இந்தக் கூட்டம்தான். இவற்றின் விதையில் வெள்ளையாக, கொழுப்புச் சத்து நிறைந்த ஒரு சதைப்பற்று ஒட்டிக்கொண்டிருக்கும். அதற்கு எலையோசோம் என்று பெயர். ஆமணக்கு விதையைக் கையில் எடுத்துப் பார்த்தவர்களுக்கு இது புதிதில்லை. அதன் ஒரு முனையில் இருக்கும் வெளிர்நிறக் குமிழும் இதே வகையானதுதான். அதையும் எறும்புகள் இழுத்துச் செல்லும்.

எறும்பு ஏன் வருகிறது? எலையோசோமில் உள்ள கொழுப்புகள், குறிப்பாக ஒலியிக் அமிலம் சேர்ந்தவை, விதையின் உள்ளிருக்கும் எண்ணெயைவிடப் பூச்சிகளின் உடல் கொழுப்பையே அதிகம் ஒத்திருப்பதாக ஆய்வுகள் காட்டியுள்ளன. எறும்புக்கு அது செத்த பூச்சியின் வாசனை, அதாவது இரை. அஃபினோகேஸ்டர் என்ற பேரினத்தின் எறும்புகள்தான் இந்தக் காடுகளில் இந்த வேலையை அதிகம் செய்கின்றன. விதையைக் கவ்விக்கொண்டு புற்றுக்குள் போய், சதைப்பற்றை மட்டும் தம் புழுக்களுக்கு ஊட்டிவிட்டு, சேதமில்லாத விதையைக் குப்பையோடு ஒதுக்கிவிடும். எலியின் கண்ணில் படாமல் விதை பிழைத்துக்கொள்கிறது. இப்படி எறும்புகளால் பரவும் பூக்கும் தாவரங்கள் உலகத்தில் 11,000 இனங்களுக்கு மேல் உண்டு.

ஆனால் எறும்பு ஒரு விதையை எவ்வளவு தூரம் கொண்டுபோகும்? ஒன்றிரண்டு மீட்டர். அதனால்தான் கீழே பார்த்த பழைய வயல்களை நினைவில் வைக்கச் சொன்னேன். கலப்பை ஓடிய மண்ணில் மரங்கள் திரும்ப வர எண்பது தொண்ணூறு ஆண்டு போதும். டியூலிப் மரத்தின் விதை காற்றில் பறந்து வந்துவிடும். எறும்பை நம்பிய செடி, வயலின் விளிம்பிலிருந்து தலைமுறைக்கு ஒன்றிரண்டு மீட்டராக நகர வேண்டும், தலைமுறை என்பது அதற்குப் பத்தாண்டு. 1992இல் டஃபி, மையர் என்ற இரு ஆய்வாளர்கள் தெற்கு அப்பலாச்சியாவில் வெட்டப்படாத காடுகளையும், முழுதும் வெட்டி 45 முதல் 87 ஆண்டு கழிந்த காடுகளையும் ஒப்பிட்டார்கள். மரங்கள் திரும்பிவிட்ட காட்டிலும் தரைச் செடிகள் பழைய அளவுக்குத் திரும்பவில்லை; காலப்போக்கில் மீண்டுவருவதற்கான அறிகுறியும் அவர்களுக்குத் தென்படவில்லை. இடங்களை ஒப்பிட்ட முறை சரியா என்று பிற ஆய்வாளர்கள் கேள்வி எழுப்பினார்கள், விவாதம் நீண்டது. ஆனால் பழைய காட்டின் தரையைப் பார்த்து வந்தவர் எவரும், மரம் நட்டால் காடு வந்துவிடும் என்ற பேச்சை அப்படியே ஏற்க மாட்டார்.

இதில் ஒரு புதிரும் இருக்கிறது. ஏறத்தாழ 20,000 ஆண்டுகளுக்கு முன், பனியுகத்தின் உச்சத்தில், பனிப்பாளம் வட அமெரிக்காவை மூடியபடி ஒஹாயோ ஆற்றுப் பக்கம் வரை இறங்கியது. ஸ்மோக்கி மலைகளை அது தொடவில்லை. பனி பின்வாங்கியதும் காட்டுச் செடிகள் வடக்கே பரவின. இன்று கனடா வரை ட்ரில்லியம் பூக்கிறது. எறும்பு வேகத்தில் அது நடக்குமா? 1998இல் ஒரு ஆய்வுக் குழு, எறும்பால் பரவும் காட்டு இஞ்சிச் செடியை வைத்துக் கணக்குப் போட்டது. எறும்பு மட்டுமே சுமந்திருந்தால் 16,000 ஆண்டில் அது 10, 11 கிலோமீட்டர்தான் போயிருக்க முடியும். உண்மையில் போனதோ நூற்றுக்கணக்கான கிலோமீட்டர். வேறு யாரோ சுமந்திருக்க வேண்டும். ட்ரில்லியத்தைப் பொறுத்தவரை ஒரு விடை 2003இல் கிடைத்தது: மான். நியூயார்க் மாநிலத்தில் வெள்ளைவால் மானின் புழுக்கைகளில் முளைக்கும் திறனுள்ள ட்ரில்லியம் விதைகள் கிடைத்தன. மான் தின்று நடந்து போடும் விதை 3 கிலோமீட்டருக்கு மேலும் போகக்கூடும் என்று கணித்தார்கள். எப்போதோ ஒருமுறை நடக்கிற இந்த நெடும்பயணம்தான் வரைபடத்தை மாற்றியிருக்கிறது. அதே மான் இன்று கிழக்கு அமெரிக்காவின் பல காடுகளில் வேட்டைவிலங்குகள் இல்லாமல் பெருகி, ட்ரில்லியத்தை மேய்ந்தே ஒழித்துவருகிறது.

அருவிக்குப் போகும் வழியில் ஈரமான மண்ணில் ஜாக்-இன்-த-புல்பிட் நிற்கும். பச்சை மடலை மேலே கவித்துக்கொண்டு உள்ளே ஒரு தண்டை மறைத்துவைத்திருக்கும் செடி. நீலகிரி, பழனி மலைச் சோலைகளில் இதன் பேரினமான அரிசீமா உண்டு; கொடைக்கானல் பக்கம் கோப்ரா லில்லி என்று பார்த்திருப்பீர்கள். இதற்குக் கிழங்கின் இருப்புதான் பாலைத் தீர்மானிக்கிறது. சிறிய செடி ஆண். நன்றாகச் சேமித்துப் பருத்த ஆண்டில் பெண். காய்த்துக் களைத்துவிட்டால் அடுத்த ஆண்டு மீண்டும் ஆண். மகரந்தம் சுமப்பவை காளான் ஈக்கள். ஆண் செடியின் மடலுக்கு அடியில் ஒரு சின்ன இடுக்கு உண்டு. விழுந்த ஈ மகரந்தத்தோடு அதன் வழியே தப்பிப் போகும். பெண் செடியில் அந்த இடுக்கு கிடையாது. ஈ உள்ளேயே சுற்றிச் சுற்றி மகரந்தத்தை ஒப்படைத்துவிட்டுச் சாக வேண்டியதுதான். மடலை விலக்காமலே, கீழ்ப்பக்கம் குனிந்து பார்த்தால் இடுக்கு இருக்கிறதா என்று தெரியும்.

குடை விரித்து நிற்கும் மேஆப்பிளையும் ஒரு பார்வை பார்த்துவிடுங்கள். ஒரு குடை உள்ளது பூக்காது. இரண்டு குடை உள்ளதன் கவட்டையில் ஒரே ஒரு வெள்ளைப் பூ தொங்கும். இதன் உறவினச் செடி இமயமலையில் வளர்கிறது. இவற்றில் இருக்கும் போடோஃபில்லோடாக்ஸின் என்ற நச்சிலிருந்துதான் எட்டோபோசைட் என்ற புற்றுநோய் மருந்து உருவானது.

இத்தனை சிறிய செடிகளால் காட்டுக்கு என்ன ஆகிறது என்று கேட்கலாம். 1976இல் முல்லர், போர்மன் என்ற ஆய்வாளர்கள் நியூ ஹாம்ப்ஷயரின் ஹப்பர்ட் புரூக் காட்டில் ட்ரௌட் லில்லியை ஆராய்ந்து ஒரு கருத்தைச் சொன்னார்கள். பனி உருகி ஓடும் நாட்களில் மண்ணின் நைட்ரஜனும் பொட்டாசியமும் தண்ணீரோடு அடித்துப் போகும். மரவேர்கள் அப்போது முழுதாக விழித்திருக்காது. இந்தச் செடிகள் அவற்றை உறிஞ்சிப் பிடித்துவைத்து, கோடையில் இலை மட்கும்போது மரங்களுக்கு விட்டுக்கொடுக்கின்றன. வசந்தகால அணை என்று இதற்குப் பெயர் வந்தது. பின்னால் நடந்த ஆய்வுகள், மண்ணின் நுண்ணுயிர்கள்தான் அதில் பெரும்பங்கு நைட்ரஜனைப் பிடித்துவைக்கின்றன என்று காட்டின. செடிகளின் பங்கு முதலில் நினைத்ததைவிடச் சிறியது, இல்லாமல் போய்விடவில்லை.

ஆறு வார வெளிச்சம் இப்போது குறைந்துவருகிறது. இதற்கான சான்று எதிர்பாராத இடத்திலிருந்து வந்தது. மாசசூசெட்ஸின் கான்கார்ட் ஊரில் எழுத்தாளர் ஹென்றி டேவிட் தோரோ 1850களில் எந்தச் செடி என்று பூத்தது, எந்த மரம் என்று துளிர்த்தது என்று ஆண்டுதோறும் குறித்துவைத்தார். பாஸ்டன் பல்கலைக்கழகத்தின் ரிச்சர்ட் பிரிமாக்கும் உடன் பணிபுரிந்தவர்களும் அதே ஊரில் அதே இனங்களைத் திரும்பக் கவனித்தார்கள். 2019இல் வெளியான ஆய்வின்படி, தோரோ காலத்தைவிடக் காட்டுப்பூச் செடிகள் சுமார் ஒரு வாரம் முந்தி இலை விடுகின்றன. மரங்களோ சுமார் இரண்டு வாரம் முந்தித் துளிர்க்கின்றன. இரண்டுமே வெப்பத்துக்கு இசைகின்றன, ஆனால் ஒரே வேகத்தில் இல்லை. மரத்தின் மொட்டு நிற்பது காற்றில். கிழங்கு கிடப்பது சருகு போர்த்திய மண்ணில், அங்கே சூடு மெல்லத்தான் ஏறும். வேறுபாட்டுக்கு இது ஒரு காரணமாக இருக்கலாம். காரணம் எதுவானாலும் விளைவு ஒன்றுதான். ஆண்டு வருமானம் முழுவதையும் ஆறு வாரத்தில் ஈட்டுகிற செடிக்கு ஒரு வாரம் போனால் ஆறில் ஒரு பங்கு போகிறது. அந்த ஆண்டே அது சாகாது; கிழங்கு கொஞ்சம் இளைக்கும், பூக்க இன்னும் ஓராண்டு தள்ளிப்போகும், விதை குறையும். நூறு ஆண்டில் தெரியப்போகும் இழப்பு இப்படித்தான் தொடங்கும். அதனால்தான் பூத்த தேதியைக் குறித்துவைக்கும் பழக்கத்தை நான் பெரிதாக மதிக்கிறேன். நீங்கள் போகும்போதும் எந்த உயரத்தில் எந்தப் பூவைப் பார்த்தீர்கள் என்று தேதியோடு எழுதிவையுங்கள்.

அமெரிக்காவில் இருக்கும் தமிழர்கள் பலர் விடுமுறைக்குக் கேட்லின்பர்க் போகிறார்கள். அவர்களில் ஒரு பகுதியாவது ஏப்ரலில் ஒரு நாளை இந்தத் தடத்துக்கு ஒதுக்க வேண்டும் என்பது என் ஆசை. ஃபசேலியாவுக்கு ஏப்ரல் முதல் பாதி. ட்ரில்லியத்துக்கு ஏப்ரல் நடு. காலையில் சீக்கிரம் போங்கள், வண்டி நிறுத்த இடம் சிறியது; 2023 முதல் பூங்காவில் 15 நிமிடத்துக்கு மேல் வண்டி நிறுத்தக் கட்டணச் சீட்டும் வேண்டும். பத்து மணிக்கு மேல் வெயில் ஏறினால்தான் பூ முழுதாக விரியும், அதுவரை ஓடையோரம் நடக்கலாம். கையில் ஒரு உருப்பெருக்கிக் கண்ணாடி இருந்தால் நல்லது. படம் எடுக்கத் தடத்தைவிட்டு இறங்காதீர்கள். கால் படுகிற இடத்தில் இன்னும் ஒற்றை இலையோடு நிற்கிற ட்ரில்லியம் இருக்கும்.

எந்தப் பூவையும் பறிக்காதீர்கள். பூங்காவில் அது சட்டப்படி குற்றம். ட்ரில்லியத்தின் மூன்று இலைகளும் பூவுக்கு நேர் கீழே இருப்பதால் பூவைப் பறிக்கும் கை பெரும்பாலும் இலைகளையும் சேர்த்தே எடுத்துவிடும். அந்த ஆண்டில் செடிக்கு வேறு இலை வராது. கிழங்கு மீண்டும் பூக்கும் அளவுக்குத் தேறப் பல ஆண்டு பிடிக்கும், தேறாமலும் போகலாம். வீட்டுத் தோட்டத்தில் வளர்க்க ஆசைப்பட்டால், விதையிலிருந்து வளர்த்தது என்று உறுதி சொல்லும் நாற்றுப்பண்ணையில் மட்டும் வாங்குங்கள். மலிவாகக் கிடைக்கிற பூத்த ட்ரில்லியம் பெரும்பாலும் ஏதோ ஒரு காட்டிலிருந்து தோண்டி எடுத்துவந்ததாகவே இருக்கும்.